ஒரு நீளம் எப்போது எண்ணாகிறது? அச்சுக்கோப்பு மொழிகளின் உள்ளே மதிப்பு வகைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆவணத்தின் தலைப்பகுதியில் "பத்தி உள்தள்ளல் 2 எம்" என்று எழுதுகிறோம். ஓர் எம் என்பது நடப்பு எழுத்தளவுக்குச் சமமான நீளம். அப்போது எழுத்தின் அளவு 10 பாயிண்ட். சில வரிகள் கழித்து அதை 12 பாயிண்டுக்கு உயர்த்துகிறோம். இனி வரும் பத்திகளில் உள்தள்ளல் 20 பாயிண்டா, 24 பாயிண்டா?

ஆவணத்தைப் பக்கங்களாக அமைக்கும் அச்சுக்கோப்பு மொழிகளில் ஒன்றான டெக் 20 என்கிறது. இன்னொன்றான டைப்ஸ்ட் 24 என்கிறது. டெக்கிலேயே அந்த "2 எம்" ஒரு நீள ரெஜிஸ்டரில் (மதிப்பைச் சேமிக்கும் இடம்) இருந்தால் 20, மேக்ரோவில் (எழுதியதை அப்படியே வைத்து, பயன்படும் இடத்தில் விரிக்கும் சுருக்கம்) இருந்தால் 24. இவற்றில் எதுவும் பிழையில்லை. "2 எம்" என்பதை நினைவகத்தில் எந்த வடிவில் வைப்பது என்று மொழியை உருவாக்கியவர் ஒருநாள் எடுத்த முடிவு, பல ஆண்டுகள் கழித்துப் பக்கத்தில் தெரிகிறது. அந்த முடிவைத்தான் இந்த ஆய்வு டிராஃப், டெக், டைப்ஸ்ட் ஆகிய மூன்று அமைப்புகளில் பின்தொடர்கிறது.

நீளத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முழு எண், சரம், பட்டியல் ஆகியவை எல்லா மொழிகளிலும் இருக்கின்றன. அவற்றை எப்படி வைப்பது என்பது பெரும்பாலும் தீர்ந்துபோன கேள்வி. அச்சுக்கோப்பு மொழியின் தனித்தன்மை நீளத்தில்தான் வெளிப்படுகிறது. 3 சென்டிமீட்டர் என்பது எழுதியவுடனேயே தெரிந்த அளவு. 2 எம் என்பது எழுத்துரு தெரிந்த பிறகே அளவாகிறது. 50% என்பதற்குச் சுற்றியுள்ள பெட்டியின் அகலம் தெரிய வேண்டும். "மீதமுள்ள இடத்தில் ஒரு பங்கு" என்பதற்கோ, பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் அளந்து முடித்திருக்க வேண்டும். நான்கையும் பயனர் "நீளம்" என்றே அழைக்கிறார். செயலாக்கத்தின் பார்வையில் இவை நான்கு வெவ்வேறு நேரங்களில் தெரியவரும் நான்கு பொருள்கள். இங்கே வகை என்பது "இது என்ன" என்பதைவிட "இது எப்போது தெரியும்" என்பதையே அதிகம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மூன்று அமைப்புகளிலும் சிக்கல் வந்த இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் ஏதோ ஒன்று உரிய நேரத்துக்கு முன்பே எண்ணாக்கப்பட்டிருக்கிறது.

டிராஃப்: அலகைத் தொலைத்த எண்

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் ஜோ ஒஸ்ஸானா எழுதிய டிராஃப், எண் சார்ந்த எல்லாவற்றையும் ஒரே வடிவில் வைத்தது: முழு எண். அங்குலமோ பாயிண்டோ எம்மோ, எந்த அலகில் எழுதினாலும் படித்த கணமே அது கருவியின் அடிப்படை அலகுக்கு மாற்றப்பட்டுவிடும். அன்றைய ஒளி அச்சுக்கோப்பு எந்திரத்துக்கு அங்குலத்துக்கு 432 அலகுகள். இன்றைய குனு டிராஃப்பின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வெளியீட்டில் அங்குலத்துக்கு 72,000.

ரெஜிஸ்டரில் எஞ்சுவது எண் மட்டுமே. அது நீளமா, எண்ணிக்கையா, பக்க எண்ணா என்ற தடயமே அதில் இல்லை. ரெஜிஸ்டரைத் திரும்ப எடுத்தால் வெறும் இலக்கங்கள் உரையாக வந்து விழுகின்றன. அதே நேரத்தில், அலகு இல்லாத எண்ணைப் பார்த்தால் ஒவ்வொரு கட்டளையும் தனக்கென ஓர் அலகை எடுத்துக்கொள்கிறது. வரி நீளக் கட்டளை எடுத்துக்கொள்வது எம். செங்குத்து இடைவெளிக் கட்டளை எடுத்துக்கொள்வது வரி உயரம்.

இவ்விரண்டும் சேரும் இடத்தில் விபத்து நடக்கிறது. வரி நீளம் 6.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ரெஜிஸ்டரில் அது 468,000. அந்த ரெஜிஸ்டரையே வரி நீளக் கட்டளைக்குத் திருப்பிக் கொடுத்தால், "468,000 எம்" என்று டிராஃப் புரிந்துகொள்ளும். இதைத் தவிர்க்க, எண்ணின் பின்னால் அடிப்படை அலகின் குறியை மறக்காமல் ஒட்ட வேண்டும். பழைய டிராஃப் மேக்ரோக் கோப்புகளைத் திறந்தால், ரெஜிஸ்டர் வரும் இடங்களிலெல்லாம் அந்தக் குறி ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். செயலாக்கம் சுமக்க வேண்டிய வகைத் தகவலைப் பயனர் கையால் சுமந்ததன் அடையாளம் அது.

வரி நீளத்தை "7/2 அங்குலம்" என்று கொடுத்தாலும் இதே கதைதான். மூன்றரை அங்குலம் கிடைக்காது. 7 எம்மை 2 அங்குலத்தால் வகுத்து, முழு எண் வகுத்தலில் சுழியம் கிடைக்கும். நீளத்தை நீளத்தால் வகுத்தால் வருவது நீளமில்லை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

டெக்: முகவரியில் ஒளிந்திருக்கும் வகை

டொனால்ட் க்னூத் 1982-இல் மறுபடி எழுதிய டெக், நீளத்தைத் தனி வகையாக்கியது. உள்ளே அதுவும் முழு எண்தான்: ஒரு பாயிண்டில் 65,536-இல் ஒரு பங்கான ஸ்கேல்டு பாயிண்ட். ஒரு ஸ்கேல்டு பாயிண்ட் ஏறத்தாழ 5.4 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் நூறில் ஒரு பங்கு அளவு. ஆகவே முழு எண்ணாக்கும்போது ஏற்படும் பிசகைத் தாளில் யாராலும் பார்க்க முடியாது. மேல் எல்லை 2-இன் 30-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு, அதாவது 16,384 பாயிண்டுக்குச் சற்றே கீழே, சுமார் 5.75 மீட்டர். 32 பிட் இருந்தும் 31-ஆம் அடுக்கு வரை போகாமல் நின்றது கணக்குப் போட்டுத்தான்: இரண்டு நீளங்களைக் கூட்டினாலும் குறியுடைய 32 பிட் எண்ணுக்குள் அடங்கும். உள்ளே நூற்றுக்கணக்கான கூட்டல்கள் வழிதல் சோதனை இல்லாமல் ஓடுவதற்கு இந்த ஒரு பிட் இடைவெளி பெரிதும் உதவுகிறது.

மிதவைப்புள்ளி எண்ணை ஏன் தவிர்த்தார்? அன்று ஒவ்வொரு கணினியும் மிதவைப்புள்ளியைத் தன் போக்கில் கணக்கிட்டது. ஐஇஇஇ 754 தரநிலை வந்தது 1985-இல்தான். ஒரு கணினியில் ஓரிடத்தில் உடையும் வரி இன்னொன்றில் வேறிடத்தில் உடைவதை க்னூத் விரும்பவில்லை. டெக்கில் மிதவைப்புள்ளி முக்கியமாகப் பயன்படுவது ஓரிடத்தில்தான்: பெட்டிக்குள் குளூவை, அதாவது விரியவும் சுருங்கவும் கூடிய இடைவெளிகளை, எந்த விகிதத்தில் நீட்டுவது என்ற குளூ விகிதம். வரி எங்கே உடைவது என்ற முடிவை அது தொடுவதில்லை.

ஒரு மதிப்பின் வகையை டெக் எங்கே வைத்திருக்கிறது? மதிப்பில் இல்லை. டெக்கின் நினைவகச் சொல் பாஸ்கல் மொழியின் மாறுபடு பதிவு. அதே பிட்டுகளை ஒரு முழு எண்ணாகவோ, குளூ விகிதமாகவோ, இரண்டு அரைச்சொற்களாகவோ, நான்கு கால்சொற்களாகவோ படிக்கலாம். எப்படிப் படிப்பது என்று சொல்லும் குறி எதுவும் அந்தச் சொல்லுக்குள் கிடையாது. அது எங்கே இருக்கிறது என்பதே அதன் வகை. டெக்கின் பொருள் அட்டவணை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: குளூ அளவுருக்களுக்கு ஒரு பகுதி, முழு எண்களுக்கு ஒன்று, நீளங்களுக்கு ஒன்று என்று. 5-ஆம் எண் நீள ரெஜிஸ்டர் ஒரு நீளமாக இருப்பது, அட்டவணையின் நீளப் பகுதியில் அது உட்கார்ந்திருப்பதால்தான். ஒவ்வொரு பிட்டுக்கும் விலை இருந்த காலத்தில் இது சிக்கனமான, கெட்டிக்காரத்தனமான தீர்வு. இதன் மறுபக்கம், புதிய வகை ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அட்டவணையின் வரைபடத்தையே மாற்ற வேண்டும். பயனர் தனக்கென ஒரு வகையை உருவாக்கவே முடியாது.

வகைகளுக்கிடையே மாற்றம் நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓர் உள் மதிப்பைப் படிக்கும்போது டெக் அதற்கு ஒரு மட்ட எண் கொடுக்கிறது: முழு எண் 0, நீளம் 1, குளூ 2, கணிதக் குளூ 3, அடுத்து எழுத்துரு அடையாளமும் டோக்கன் (படித்த உரையின் ஒரு துண்டு) பட்டியலும். கேட்கும் இடம் எந்த மட்டத்தை எதிர்பார்க்கிறதோ அதுவரை ஒரு சிறிய சுழல் மதிப்பை இறக்கிக்கொண்டு வருகிறது. குளூவிலிருந்து இறங்கும்போது விரிவும் சுருக்கமும் கழன்று இயல்பு அகலம் மட்டும் மிஞ்சும். நீளத்திலிருந்து முழு எண்ணுக்கு இறங்கும்போது பிட்டுகளில் எதுவும் மாறுவதில்லை. மட்ட எண் மட்டும் ஒன்று குறைகிறது. சில வரிகளில் ஒரு மொழியின் வகை மாற்ற விதிகள் முடிந்துவிட்டன.

இறங்க மட்டுமே வழி உண்டு. முழு எண் தானாக நீளமாக ஏறாது. நீளம் எதிர்பார்க்கும் இடத்தில் எண்ணை மட்டும் கொடுத்தால் டெக் அதை அலகுக்கு முன்னால் வரும் பெருக்கெண்ணாக எடுத்துக்கொண்டு, அலகு எங்கே என்று தேடுகிறது. கிடைக்காவிட்டால் பிழைச் செய்தி கொடுத்து, தானே "பாயிண்ட்" என்று செருகிக்கொண்டு மேலே போகிறது. டிராஃப்பின் 468,000 எம் விபத்துக்கு இங்கே இடமில்லை.

குளூவில் எது தொலைகிறது

டெக்கின் குளூ மூன்று எண்கள் கொண்டது: இயல்பு அகலம், விரிவு, சுருக்கம். விரிவுக்கும் சுருக்கத்துக்கும் தனித்தனியே ஒரு தரம் உண்டு: சாதாரணம், பிறகு ஒன்றைவிட ஒன்று வலிய மூன்று முடிவிலிகள். உயர்ந்த தரம் ஒன்று வரியில் இருந்தால் கீழ்த் தரங்கள் அத்தனையும் அசையாமல் நிற்கும்.

ஒரு குளூ ரெஜிஸ்டரில் 5 பாயிண்ட் சாதாரண விரிவு இருக்கிறது. அதோடு முதல் தர முடிவிலியில் ஓர் அலகைக் கூட்டுகிறோம். ரெஜிஸ்டரில் விரிவுக்கு ஓர் எண்ணும் ஒரு தரமும் வைக்கவே இடம் இருப்பதால், உயர்ந்தது தங்கும். 5 பாயிண்ட் தூக்கி எறியப்படும். பிறகு அதே ஓர் அலகைக் கழித்தால் மிஞ்சுவது சுழியம். கூட்டிக் கழித்தால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்ற எளிய எதிர்பார்ப்பு உடைகிறது.

ஆனால் வரியைப் பெட்டியாகக் கட்டும் பகுதிக்குப் போனால், அதே டெக் வேறொரு வடிவைப் பயன்படுத்துகிறது. அங்கே மொத்த விரிவு நான்கு இடங்கள் கொண்ட அணி. ஒவ்வொரு தரத்துக்கும் தனி மொத்தம். எதுவும் எறியப்படுவதில்லை, எல்லாம் கூட்டி முடித்த பிறகே எந்தத் தரம் வெல்கிறது என்று பார்க்கப்படுகிறது. ஒரே பொருளுக்கு ஒரே நிரலில் இரண்டு வடிவங்கள். கட்டும் பகுதியில் முழுத் தகவலும் வேண்டும் என்பது க்னூத்துக்குத் தெரிந்திருந்தது. ரெஜிஸ்டரில் அதற்கு நினைவகம் செலவிட அவர் தயாராக இல்லை. இன்று புதிதாக எழுதும் ஒருவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நான்கு இடமும் கொண்ட வடிவையே எங்கும் வைக்கலாம்.

குளூ விவரங்கள் தனிக் கணுக்களாக நினைவகத்தில் இருக்கின்றன. எத்தனை இடங்கள் அதைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கை கணுவிலேயே வைக்கப்பட்டு, சுழியமானவுடன் விடுவிக்கப்படுகிறது. ஒரு பத்தியில் நூறு சொல் இடைவெளி இருந்தாலும் அவை பெரும்பாலும் ஒரே கணுவைப் பகிர்கின்றன. நகல் எடுப்பதற்குப் பதிலாகப் பகிர்ந்துகொள்ளும் இந்த வழக்கம் பிற்காலச் செயலாக்கங்களிலும் வேறு பெயர்களில் தொடர்கிறது.

"மதிப்பு இல்லை" என்பதை டெக் எப்படிச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோடு ஒன்றின் உயரம் சுற்றியுள்ள பெட்டியைப் பொறுத்துத் தானே அமைய வேண்டுமென்றால், அந்த இடத்தில் எதிர்ம 2-இன் 30-ஆம் அடுக்கு எழுதப்படுகிறது. சட்டபூர்வமான நீளம் எதுவும் அந்த எண்ணை எட்டாது என்பதால் பாதுகாப்பு. முந்தைய வரியின் ஆழத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதற்கோ எதிர்ம 1000 பாயிண்ட். இது சட்டபூர்வமான நீளம்தான். யாரும் இவ்வளவு பெரிய எதிர்ம ஆழத்தை வைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை மட்டுமே காவல். தனி வகை இல்லாத இடத்தில் விசித்திர எண்கள் குடியேறுவதை எல்லா மொழிகளிலும் பார்க்கிறோம்.

ரெஜிஸ்டரும் மேக்ரோவும்

இப்போது 2 எம்முக்குத் திரும்பலாம். நீள ரெஜிஸ்டருக்கு 2 எம் கொடுத்தால், டெக் அந்தக் கணத்தில் நடப்பிலுள்ள எழுத்துருவின் எம் அளவை எடுத்துப் பெருக்கி, ஸ்கேல்டு பாயிண்டாக்கி வைக்கிறது. எம் என்ற நினைவு அங்கேயே முடிந்தது. அதனால்தான் எழுத்தளவை மாற்றும் முன்பே தலைப்பகுதியில் உள்தள்ளலை நிர்ணயித்த ஆவணங்களில் அது பழைய அளவிலேயே நிற்கிறது. மேக்ரோவில் வைத்தால் இரண்டு என்ற இலக்கமும் எம் என்ற எழுத்துகளும் டோக்கன்களாக அப்படியே இருக்கும். பயன்படும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்து எழுத்துருவின்படி அளவாகும்.

ஆக, டெக்கில் நீளத்துக்கு வகை வேண்டுமென்றால் உடனே எண்ணாக்கியே தீர வேண்டும். தள்ளிப்போட வேண்டுமென்றால் வகையை விட்டுவிட வேண்டும். மேக்ரோவுக்குள் 2 எம் இருக்கிறதா, ஒரு கவிதை வரி இருக்கிறதா என்று டெக்குக்குத் தெரியாது. வகையும் தாமதமும் சேர்ந்து கிடைக்கும் மூன்றாவது வழி இல்லை. டெக்கின் மேல் கட்டப்பட்ட லாடெக்கின் தொகுப்புகளை எழுதியவர்கள் பல ஆண்டுகளாக ஒவ்வோர் அளவுக்கும் "இதை ரெஜிஸ்டராக்குவதா, மேக்ரோவாக்குவதா" என்று தனித்தனியே முடிவெடுத்து வந்தார்கள். அந்தத் தலைவலியின் வேர் இந்த இடைவெளிதான்.

லுவா நிரல்மொழியை உள்ளடக்கிய பிற்கால லுவாடெக் பற்றி ஒரு சொல். அதில் லுவா நிரலிலிருந்து நீள ரெஜிஸ்டரைப் படித்தால் ஸ்கேல்டு பாயிண்ட் எண்ணிக்கை வெறும் எண்ணாக வருகிறது. டெக் கட்டிக் காத்த நீள வகை, மொழி எல்லையைத் தாண்டியதும் கழன்றுவிடுகிறது. டிராஃப்பின் அலகற்ற எண் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. இரண்டு மொழிகளை இணைக்கும் இடத்தில் மதிப்பு வகைகளை முதலில் சோதிக்க வேண்டும்.

டைப்ஸ்ட்: கணக்கை முடிக்காமல் வைத்திருப்பது

டைப்ஸ்ட் 2019-இல் லாரன்ஸ் மேட்ஜேயும் மார்ட்டின் ஹாக்கும் பெர்லினில் தொடங்கிய திட்டம். 2023 மார்ச்சில் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. அதன் மதிப்பு என்பது ஒரே ஒரு எனம், அதாவது பல மாற்றுருக்களில் ஏதேனும் ஒன்றாக இருக்கும் வகை: ஒன்றுமில்லை, தானியங்கி, மெய்-பொய், முழு எண், மிதவை எண், நீளம், கோணம், விகிதம், சார்பு நீளம், பங்கு, நிறம், சரம், உள்ளடக்கம், பட்டியல், அகராதி, செயற்கூறு என்று நீளும் மாற்றுருக்கள். ஒவ்வொரு மதிப்பும் தன் வகைக்குறியைத் தன்னோடு சுமக்கிறது. டெக்கில் முகவரியில் இருந்த வகை இங்கே மதிப்புக்குள் வந்துவிட்டது.

நீளத்தின் உள்ளமைப்பில்தான் விஷயம் இருக்கிறது. அது ஓர் எண் இல்லை, இரண்டு. ஒன்று முழுமையான பகுதி, மற்றொன்று எம் பகுதி. "1 எம் கூட்டல் 4 பாயிண்ட்" என்று எழுதினால் இரண்டும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எழுத்தளவு தெரியும் இடத்தில்தான் எம் பகுதி பெருக்கப்பட்டு, முழுமையான பகுதியோடு சேர்கிறது. அதோடு 50% சேர்த்தால் நீளம் சார்பு நீளமாகிறது: ஒரு விகிதமும் ஒரு நீளமும், ஆக மொத்தம் மூன்று எண்கள். பெட்டியின் அகலம் தெரிந்த பிறகு விகிதமும் தீர்கிறது. நாம் தொடங்கிய உள்தள்ளல் இந்த வடிவில் வகையை இழக்காமலேயே 24 பாயிண்டுக்குக் காத்திருக்க முடிகிறது.

மீத இடத்தின் பங்கு மட்டும் இந்தக் கூட்டணியில் சேர்க்கப்படவில்லை. ஒரு பங்கோடு 4 பாயிண்டைக் கூட்டினால் டைப்ஸ்ட் மறுத்துவிடும். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். பங்கின் அளவு, மற்ற எல்லாவற்றையும் அளந்த பிறகு கிடைக்கும் மிச்சத்தைப் பொறுத்தது. எம்மும் விகிதமும் அப்படியில்லை, சூழலிலிருந்து ஓர் எண் வந்தால் போதும். தெரியவரும் நேரம் வேறு என்பதால் வகையும் வேறு என்று எடுத்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

கூட்டல், கழித்தல், எண்ணால் பெருக்கல், வகுத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த இணை வடிவம் ஈடுகொடுக்கிறது. விளைவும் அதே வடிவிலேயே அமைகிறது. கணிதக்காரர்கள் இதை நேரியல் என்பார்கள். சிக்கல் ஒப்பீட்டில் வருகிறது. 1 எம் பெரிதா, 12 பாயிண்ட் பெரிதா? எழுத்துரு தெரியாமல் பதில் இல்லை. டைப்ஸ்டும் அதைச் சொல்லிப் பிழை கொடுக்கிறது. இரு பக்கமும் எம் மட்டும், அல்லது இரு பக்கமும் முழுமையான நீளம் மட்டும் இருந்தால்தான் ஒப்பிடும். ஆகவே "இரண்டில் பெரியது" என்ற சாதாரணச் செயற்கூறுகூட 1 எம், 12 பாயிண்ட் என்ற இணையில் தோற்கிறது. முதலில் நடப்புச் சூழலைக் கேட்டு எம்மை முழுமையாக்க வேண்டும். அதற்கான சூழல் கட்டமைப்பு 2024 மார்ச்சில் 0.11 பதிப்பில் வந்தது.

பெரியதையும் தள்ளிப்போட முடியாதா என்றால், முடியும். இணைய உலாவிகள் அதைச் செய்கின்றன. இணையப் பக்கங்களின் ஸ்டைல் மொழியான சிஎஸ்எஸ்ஸில் நீளமும் சதவீதமும் கலந்த கணக்கை ஒரு நேரியல் இணையாக வைக்கலாம். "பெரியது", "சிறியது" என்ற செயற்கூறுகளை அனுமதித்த மறுகணம் இணை போதாது, முழுக் கோவையையும் ஒரு மரமாக வைத்திருக்க வேண்டும். மரத்துக்கு நினைவகம் வேண்டும். இரண்டு மரங்கள் சமமா என்று பார்ப்பது கடினம். நகல் எடுப்பதும் செலவு. எந்தச் செயல்களை மொழி அனுமதிக்கிறது என்பதே எந்த வடிவம் போதும் என்பதைத் தீர்மானிக்கிறது. புதிய மொழி எழுதுபவர் இந்த முடிவை முதல் வாரத்திலேயே எடுத்துவிட வேண்டும். பயனர்கள் வந்த பிறகு இணையை மரமாக்குவது வீட்டில் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தை மாற்றுவதுபோல ஆகிவிடும்.

"தானியங்கி" தனி மதிப்பாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். டெக்கின் எதிர்ம 2-இன் 30-ஆம் அடுக்கு செய்த வேலையை இங்கே ஓர் எனம் செய்கிறது: தானியங்கி, அல்லது பயனர் கொடுத்த மதிப்பு. அதைப் பிரித்துப் பார்க்காமல் நீளமாகப் பயன்படுத்த ரஸ்ட் கம்பைலர் விடாது. விசித்திர எண் தவறிப்போய்க் கூட்டலுக்குள் நுழையும் வாய்ப்பே இல்லை.

மிதவைப்புள்ளியின் கணக்குத் தீர்ப்பு

டைப்ஸ்ட் நீளங்களை 64 பிட் மிதவைப்புள்ளியில் வைக்கிறது. க்னூத்தின் காலத்துக் காரணம் இன்று வலுவிழந்துவிட்டது. அடிப்படைக் கணக்குகளுக்கு எல்லாக் கணினிகளும் ஒரே விடை தருகின்றன. ஆனால் வேறு செலவுகள் உண்டு.

டைப்ஸ்ட் ஒரு முறை கணக்கிட்டதை நினைவில் வைத்து, உள்ளீடு மாறாதவரை மறுபடி கணக்கிடாமல் விடுகிறது. தட்டச்சு செய்யச் செய்ய முன்னோட்டம் உடனே மாறுவது இதனால்தான். இதற்கு ஒவ்வொரு மதிப்புக்கும் ஹாஷ் (மதிப்பைச் சுருக்கி அடையாளம் காட்டும் எண்) வேண்டும், சமமா என்று திட்டவட்டமாகச் சொல்லவும் வேண்டும். மிதவைப்புள்ளியிலோ "எண் அல்ல" என்ற மதிப்பு தனக்குத்தானே சமமில்லை. அதனால் ரஸ்ட் சாதாரண மிதவை எண்ணுக்கு ஹாஷும் முழுச் சமத்துவமும் தருவதில்லை. டைப்ஸ்ட் ஒரு சிறிய உறை வகையை வைத்து, "எண் அல்ல" உள்ளே வந்தால் சுழியமாக்கிவிட்டு, அந்த உறைக்கு மட்டும் ஹாஷை வரையறுக்கிறது. முழு எண்ணாக இருந்திருந்தால் இந்த உறையே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு செலவு, "இது அதற்குள் அடங்குமா" என்ற கேள்வி. பத்து முறை கூட்டிய நீளமும் ஒரே முறை பெருக்கிய நீளமும் கடைசி பிட்டில் வேறுபடலாம். அந்த அற்ப வேறுபாட்டுக்காக ஒரு வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படக் கூடாது. அதனால் அடங்குமா என்று பார்க்கும் செயற்கூறு சற்றே இடம் கொடுத்துப் பார்க்கிறது. ஸ்கேல்டு பாயிண்டில் கூட்டல் துல்லியமானது. இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று நேரான பதில் உண்டு. என் சாய்வு முழு எண் பக்கம். எம்மும் விகிதமும் மிதவையில் இருக்கட்டும். முழுமையான நீளம் மட்டுமாவது முழு எண்ணாக இருக்கலாம். உலாவிகளும் இந்த வழியில்தான் போயின: வெப்கிட் பக்க அமைப்பில் பிக்சலை 64 பங்காகவும், ஃபயர்ஃபாக்ஸ் 60 பங்காகவும் பிரித்து முழு எண்ணாக வைத்தன.

சமத்துவத்தில் இன்னொரு நெருடல். பயனருக்கு 1 என்ற முழு எண்ணும் 1.0 என்ற மிதவை எண்ணும் சமம் என்று சொல்ல வேண்டும், அதுதான் இயல்பு. உள்ளே நினைவில் வைக்கும் அமைப்புக்கோ இரண்டும் வேறு வேறு, ஏனெனில் அச்சிட்டால் வேறுவிதமாகத் தெரியலாம், வகையைக் கேட்டால் வேறு பதில் வரும். ஒரே சமத்துவத்தை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தினால் ஒன்றில் தவறும். மொழியின் சமம் ஒன்று, செயலாக்கத்தின் சமம் வேறொன்று என்று தொடக்கத்திலேயே பிரித்து, ஹாஷில் வகைக்குறியையும் சேர்த்துவிடுவது நல்லது.

வகைகளும் மதிப்புகளே

2023 செப்டம்பரின் 0.8 பதிப்புக்கு முன், ஒரு மதிப்பின் வகையைக் கேட்டால் டைப்ஸ்ட் ஒரு சரத்தைத் திருப்பித் தந்தது. சரத்தில் எழுத்துப்பிழை இருந்தால் ஒப்பீடு அமைதியாகப் பொய்யாகும், யாருக்கும் தெரியாது. 0.8-இல் வகைகளே மதிப்புகளாயின. பழைய ஆவணங்கள் உடையாமல் இருக்க, வகையைச் சரத்தோடு ஒப்பிட்டாலும் சில காலம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இன்னொரு துருவத்தில் சாடிஸ்ஃபை இருக்கிறது. தகாஷி சுவா ஓகேமல் மொழியில் எழுதிய இந்த அமைப்பில் எல்லா வகைகளும் ஆவணம் ஓடும் முன்பே சரிபார்க்கப்படுகின்றன. நீளத்தைக் கூட்டும் குறி எண்ணைக் கூட்டும் குறியிலிருந்து வேறானது. வரிக்குள் வரும் உரையும் பத்தியாக வரும் உரையும் வெவ்வேறு வகைகள். பிழை முன்கூட்டியே பிடிபடுகிறது. ஆனால் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தவர் இரண்டு நீளங்களைக் கூட்டத் தனிக் குறியை நினைவில் வைக்க வேண்டுமா என்று கேட்டால் எனக்கும் தயக்கம்தான்.

32 பைட்டும் பிழைச் செய்தியும்

எனம் ஒன்றின் அளவு அதன் மிகப்பெரிய மாற்றுருவைப் பொறுத்தது. சார்பு நீளத்தில் எட்டு பைட் எண்கள் மூன்று, ஆக 24. வகைக்குறியும் சீரமைப்பும் சேர்ந்தால் 32. டைப்ஸ்டின் மதிப்பு 32 பைட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு சோதனையே அதன் மூலநிரலில் உண்டு. உண்மை, பொய் என்ற ஒரு பிட் தகவலும் இந்த 32 பைட்டில்தான் உட்காருகிறது. சரங்களும் பட்டியல்களும் பகிர்வு எண்ணிக்கையுடன் வெளியே இருப்பதால் நகல் எடுப்பது மலிவு. எழுதும்போது மட்டும் உண்மையான நகல் உருவாகும். சிறிய சரங்கள், 15 பைட் வரை, உள்ளேயே அடங்கிவிடும்.

இந்த வரம்பால் வெளியே தள்ளப்பட்ட ஒன்று உண்டு. மதிப்பு மூலக் கோப்பில் எங்கே பிறந்தது என்ற இடக்குறிப்பு, எண், நீளம் போன்ற மதிப்புகளுக்குள் இல்லை. செயற்கூறுக்குக் கொடுக்கும் உள்ளீடுகளோடு மட்டும் அது பயணிக்கிறது. ஆகவே ஒரு கோப்பில் தவறுதலாக அலகில்லாமல் எழுதிய எண், மாறியிலும் அகராதியிலும் ஏறி இறங்கி, வேறொரு கோப்பில் நீளத்தோடு கூட்டப்படும்போது, பிழைச் செய்தி கூட்டல் நடந்த இடத்தைத்தான் காட்டும். எண் பிறந்த இடத்தைப் பயனர் தானே தேட வேண்டும். ஒவ்வொரு மதிப்பிலும் எட்டு பைட் இடக்குறிப்பைச் சேர்த்தால் 32 என்பது 40 ஆகும். ஹாஷும் சிக்கலாகும், ஏனெனில் வேறு வேறு இடங்களில் எழுதிய இரண்டு 4 பாயிண்ட்களும் நினைவில் வைக்கும் அமைப்புக்குச் சமமாகத் தெரிய வேண்டும். பெரிய வார்ப்புருக்களில் பிழை தேடி அலைந்தவர்கள் அந்த எட்டு பைட்டைத் தயங்காமல் கேட்பார்கள். முன்னோட்டத்தின் வேகத்துக்காக டைப்ஸ்டைத் தேர்ந்தவர்கள் தரமாட்டார்கள்.